குழந்தை பிறந்த பிறகு அம்மாவுக்கு வரும் மனச்சோர்வும் பதற்றமும்: எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே போவது?

ராத்திரி ரெண்டு மணி. குழந்தை அசந்து தூங்குகிறது, அம்மா தூங்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறார். மறுநாள் மாமியார் போனில், "என் மருமக புள்ளைய கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிறா" என்று பெருமையாகச் சொல்கிறார்.

இன்னொரு வீட்டில், குழந்தை அழுதுகொண்டிருக்க, அம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். "பெத்துப் போட்டுட்டு படுத்தே கெடக்கா" என்று அங்கே பேச்சு.

ஒருவருக்குப் பாராட்டு, இன்னொருவருக்குத் திட்டு. ஆனால் இரண்டு பேருக்குமே உடனடியாகத் தேவைப்படுவது மருத்துவ உதவியாக இருக்கலாம். முதலாமவருக்கு இருப்பது பிரசவத்துக்குப் பிந்தைய பதற்றமாக இருக்கலாம். இரண்டாமவருக்கு 'போஸ்ட்பார்ட்டம் டிப்ரெஷன்' எனப்படும் மனச்சோர்வு. பல பெண்களுக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஒன்று நல்ல தாய் மாதிரியும் இன்னொன்று சோம்பேறி மாதிரியும் வெளியே தெரிவதால்தான் வீட்டில் யாரும் நோயாகப் பார்ப்பதில்லை.

எத்தனை பேருக்கு வருகிறது?

"அதெல்லாம் படிச்ச, சிட்டில இருக்கிற பொண்ணுங்களுக்கு வர்ற வியாதி" என்று நினைப்பவர்கள் வேலூர் பக்கம் பார்க்கலாம். வேலூர் மாவட்டக் கிராமப்புறப் பெண்கள் 359 பேரை அவர்களின் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும், பிரசவம் முடிந்து 6 முதல் 12 வாரங்களுக்குள்ளும் சந்தித்து சிஎம்சி மருத்துவர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவுகள் 2002-ல் வெளியாகின. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். சுமார் ஒன்பது பேரில் ஒருவர்.

அந்த ஆய்வு கண்டறிந்த காரணங்களைப் படித்தால் நம்ம ஊர் வீடு ஒன்று கண்முன் வந்து நிற்கும். குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்து பெண் குழந்தை பிறந்தது, மாமியாருடனோ சொந்த அப்பா அம்மாவுடனோ உறவு சரியில்லாதது, கர்ப்ப காலத்தில் நடந்த துயரங்கள், கைவேலைக்கு உதவிக்கு ஆள் இல்லாதது. ஹார்மோன் மாற்றம் எல்லாத் தாய்மார்களுக்கும்தான் நடக்கிறது. அதற்கு மேல் வீடு என்ன செய்கிறது என்பதும் கணக்கில் வருகிறது.

இந்திய அளவில் பார்த்தால் எண் இன்னும் பெரிது. 20,043 பெண்களிடம் நடத்தப்பட்ட 38 ஆய்வுகளைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் 2017-ல் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி சராசரி 22 சதவீதம்.

அழுகை வந்தாலே மனச்சோர்வா?

இல்லை. பிரசவமான இரண்டு, மூன்று நாளில் காரணமே இல்லாமல் அழுகை வருவது, சட்டென்று எரிச்சல் வருவது, அடுத்த நிமிடமே சிரிப்பது, இதெல்லாம் பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு வரும். இதை 'பேபி ப்ளூஸ்' என்கிறார்கள். ஹார்மோன் சட்டென இறங்குவது, வலி, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. மருந்து வேண்டாம். ஓய்வும் ஆறுதலும் போதும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும்.

அந்த இரண்டு வாரம்தான் கோடு. அதைத் தாண்டியும் போகவில்லை, அல்லது குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது என்றால் அது பேபி ப்ளூஸ் இல்லை. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: மனச்சோர்வு பிரசவமான உடனேதான் தொடங்கும் என்று கட்டாயமில்லை. கர்ப்பத்திலேயே தொடங்கியிருக்கலாம். மூன்றாம் மாதம் தாய் வீட்டிலிருந்து கிளம்பிப் புகுந்த வீட்டுக்குப் போன பிறகு தொடங்கலாம். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும்போதும் தொடங்கலாம். முதல் ஒரு வருடம் முழுக்கவே கவனிக்க வேண்டிய காலம்.

மனச்சோர்வு எப்படித் தெரியும்?

சினிமாவில் காட்டுவது போல எப்போதும் அழுதுகொண்டே இருக்க மாட்டார்கள். நிறைய பேருக்கு அழுகையே வராது; 'மரத்துப்போன மாதிரி இருக்கு' என்பார்கள். முன்பு பிடித்த எதிலும் ஆர்வம் இருக்காது. குழந்தையைக் குளிப்பாட்டுவார், பால் கொடுப்பார், ஆனால் வேறு யாருடைய குழந்தையையோ பார்த்துக்கொள்வது போல இருக்கும். இதைத்தான் வெளியே சொல்லவே முடியாது. "என் குழந்தை மேல எனக்குப் பாசம் வரல" என்று எந்த அம்மா யாரிடம் சொல்வார்?

பசி போய்விடும், அல்லது அளவில்லாமல் சாப்பிடத் தோன்றும். சின்ன முடிவு எடுப்பதுகூட மலையாகத் தெரியும். 'நான் நல்ல அம்மா இல்ல', 'நான் இல்லாம இருந்தா இந்தக் குழந்தை நல்லா இருக்கும்' என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வரும். தமிழ்நாட்டில் இந்தக் குற்ற உணர்ச்சிக்குத் தீனி போட ஆள் பஞ்சமே இல்லை. "நார்மல் டெலிவரி ஆகலையா?" "பால் பத்தலையா?" "பவுடர் பாலா குடுக்குற?" பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி இருக்கும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 சதவீதம் சிசேரியன். பாதிக்குச் சற்றுக் குறைவான அம்மாக்கள் அந்த முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உடம்பு வழியாகவும் வெளிப்படும். தலைவலி, நெஞ்சு பாரம், உடம்பு முழுக்க அசதி. நம் பெண்கள் பலர் மனசு சரியில்லை என்று டாக்டரிடம் போவதில்லை. "உடம்பு முடியல" என்றுதான் போகிறார்கள். அதற்கு சத்து மாத்திரை எழுதித் தரப்பட்டு விஷயம் முடிந்துவிடுகிறது. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே மாதிரி அறிகுறிகளைக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை நிச்சயம் தேவை. ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால் 'உனக்கு ஒண்ணுமில்ல' என்று அர்த்தமில்லை. அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அர்த்தம்.

பதற்றம்: யாரும் நோய் என்று நினைக்காத நோய்

மனச்சோர்வைப் பற்றியாவது இப்போது கொஞ்சம் பேசுகிறார்கள். நடிகை சமீரா ரெட்டி போன்றவர்கள் தங்கள் அனுபவத்தை வெளிப்படையாகச் சொன்ன பிறகு அந்தச் சொல் பலருக்குப் பரிச்சயமாகிவிட்டது. பதற்றம்தான் இன்னும் கண்ணில் படாமல் இருக்கிறது.

குழந்தையை நினைத்துக் கவலைப்படாத அம்மா கிடையாது. அப்படியென்றால் எது அளவு மீறிய கவலை? ஒரு எளிய சோதனை: குழந்தை தூங்கும்போது, வேறொருவர் பார்த்துக்கொள்ளும்போது, உங்களால் தூங்க முடிகிறதா? முடியவில்லை, கண்ணை மூடினால் நெஞ்சு படபடக்கிறது, யாரிடமும் குழந்தையைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது என்றால் அது பொறுப்பு மட்டும் இல்லை. பால் புகட்டிய நேரத்தையும் ஈரத்துணி மாற்றிய கணக்கையும் நிமிட சுத்தமாக எழுதி வைப்பது, ஒன்று மாறினாலும் உடைந்துபோவது, ஒரு தும்மலுக்கு ராத்திரி முழுக்க கூகுளில் தேடுவது, கை கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவுவது, திடீர் திடீரென மூச்சு முட்டி 'செத்துப் போயிடுவேனோ' என்று தோன்றுவது... இதெல்லாம் பதற்றத்தின் முகங்கள்.

இதில் ரொம்பவே பயமுறுத்தும் ஒன்று உண்டு. மாடிப்படி இறங்கும்போது 'குழந்தையைக் கீழே போட்டுவிட்டால்?' என்று ஒரு காட்சி மனதில் மின்னி மறையும். கத்தியைப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால், அதே மாதிரி வேண்டாத காட்சிகள். அந்த அம்மா நடுங்கிப் போய்விடுவார். 'நான் பைத்தியமா? கொலைகாரியா?' என்று தன்னையே வெறுப்பார். கத்தியை ஒளித்து வைப்பார், குழந்தையுடன் தனியாக இருப்பதைத் தவிர்ப்பார். யாரிடமும் சொல்ல மாட்டார்.

இப்படி விரும்பாமல் வரும் எண்ணங்கள் ஏராளமான புதுத் தாய்மார்களுக்கு ஒரு முறையாவது வருகின்றன. எண்ணம் வருவதும், அதைச் செய்ய நினைப்பதும் ஒன்றில்லை. அந்த எண்ணத்தைக் கண்டு அவர் அருவருத்து, பயந்து, விலகுகிறார் என்பதே அது அவருடைய விருப்பம் இல்லை என்பதைக் காட்டுகிறது. அடிக்கடி வந்து தொல்லை செய்தால் மனநல மருத்துவரிடம் அப்படியே சொல்லலாம். அவர் இதை முதல் முறையாகக் கேட்கப்போவதில்லை, சிகிச்சையும் இருக்கிறது.

எப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது?

மேலே சொன்னதற்கு நேர் எதிரான நிலை ஒன்று இருக்கிறது. பிரசவமான முதல் இரண்டு வாரங்களுக்குள், சில சமயம் ஓரிரு நாளிலேயே, பெண் முற்றிலும் மாறிப்போவார். தூக்கமே இல்லாமல் சுறுசுறுப்பாகத் திரிவார், அல்லது குழம்பிப்போய் ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவார். இல்லாத குரல் கேட்கும். 'இது என் குழந்தையே இல்ல, மாத்திட்டாங்க', 'சாமி என்னை அனுப்பியிருக்கு' என்பார். அதை உறுதியாக நம்புவார். அவருக்கு அந்த நினைப்பில் பயமோ வெட்கமோ இருக்காது. வித்தியாசம் அங்கேதான்.

இது 'போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ்'. ஆயிரம் பிரசவத்தில் ஒன்று, இரண்டு பேருக்கு வரும். பைபோலார் பாதிப்பு ஏற்கெனவே உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பாட்டிமார் 'ஜன்னி கண்டுருச்சு' என்றதில் இதுவும் அடக்கமாக இருந்திருக்கும். மந்திரிக்கக் கூட்டிப்போக இது நேரமில்லை. மாரடைப்பு மாதிரி அவசரம். 108-க்கு அழைத்து, மனநலப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு அன்றே கொண்டுபோக வேண்டும். அதுவரை அம்மாவையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. உயிரை விடப்போகிறேன் என்று ஒரு பெண் சொன்னாலும் இதே அவசரம்தான். "சும்மா மிரட்டுறா" என்று விடாதீர்கள். சரியான சிகிச்சை கிடைத்தால் இந்த நிலையிலிருந்தும் பெரும்பாலானவர்கள் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள்.

பத்து கேள்விகள்

ஸ்கேன், எக்ஸ்ரே எதுவும் இதற்குக் கிடையாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1987-ல் ஸ்காட்லாந்தில் உருவான 'எடின்பரோ அளவுகோல்' இதற்காக உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று பத்தே கேள்விகள். சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா, காரணமில்லாமல் பயந்தீர்களா, உங்களையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது போல. ஐந்து நிமிட வேலை. தமிழ் வடிவமும் இருக்கிறது. அதைச் சரிபார்த்த ஆய்வும் வேலூரில் நடந்து 2005-ல் வெளியானது. அதிக மதிப்பெண் வந்தால் நோய் என்று உறுதியாகாது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கவே தேவையில்லை, உடனே போக வேண்டும்.

எங்கே போவது, என்ன சொல்வது?

பச்சை உடம்புக்காரி தனியாக வெளியே கிளம்ப முடியாது என்பதுதான் நம் வீடுகளின் நடைமுறைச் சிக்கல். ஆனால் ஒரு நாள் கண்டிப்பாகக் கிளம்புவார்: தடுப்பூசி நாள். 6, 10, 14-வது வாரங்களில் குழந்தைக்கு ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ போயே ஆக வேண்டும். அங்கே இருக்கும் கிராம சுகாதார செவிலியரிடம், நம் வழக்கில் நர்ஸம்மாவிடம், சொல்லலாம். தனியார் மருத்துவமனை என்றால் பிரசவம் பார்த்த மகப்பேறு மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ ஆரம்பிக்கலாம்.

ஓ.பி.யில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், பின்னால் க்யூ நிற்கும், பக்கத்தில் மாமியார் இருப்பார். அதனால் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே போனில் டைப் செய்து வைத்துக்கொள்ளுங்கள். "டாக்டர், குழந்தை பிறந்ததுல இருந்து மனசு சரியில்ல. ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரல." இவ்வளவு போதும். வாய் வரவில்லை என்றால் போனையே நீட்டிவிடலாம்.

மனநலம் என்றதும் 'கீழ்ப்பாக்கம்' என்று கிண்டல் செய்கிற ஊர் இது. கீழ்ப்பாக்கம் வரை போக வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். கிளம்பவே முடியாதவர்களுக்கு 14416. மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை இது, 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். குழந்தையைத் தோளில் போட்டபடி மொட்டை மாடியிலிருந்துகூடப் பேசலாம்.

மருந்து சாப்பிட்டால் பால் கொடுக்கக் கூடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதலில், எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. லேசான, நடுத்தர நிலையில் பேச்சு சிகிச்சையே நல்ல பலன் தரும். அதைக் கொடுக்கப் பெரிய டாக்டர்தான் வேண்டும் என்பதும் இல்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டி பகுதிக் கிராமங்களில், மனநலப் படிப்பு எதுவும் படிக்காத பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த தாய்மார்களை வீடு தேடிப்போய்ப் பேச வைத்தார்கள். 2008-ல் வெளியான முடிவு: ஆறு மாதத்தில், அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு தொடர்ந்தது, பயிற்சி பெறாதவர்கள் வழக்கம்போல் வந்து பார்த்துப்போன தாய்மார்களில் 53 சதவீதம். பின்னர் உலக சுகாதார நிறுவனமே இந்த முறையை ஏற்றுக் கையேடாக வெளியிட்டது. வீட்டு வாசலுக்கே வரும் நர்ஸம்மாக்கள் உள்ள தமிழ்நாட்டில் இதைச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்புவது கஷ்டம்.

மருந்து தேவைப்பட்டாலும் பால் கொடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பால் கொடுக்கிறீர்கள் என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். சாப்பிட்ட மறுநாளே குணம் தெரியாது, சில வாரங்கள் ஆகும். தேறிய பிறகும் பல மாதங்கள் தொடரச் சொல்வார்கள். 'நல்லாயிட்டேனே' என்று நீங்களாகவே நிறுத்தினால் திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

"சொன்னா குழந்தையைப் பிரிச்சுடுவாங்களோ?"

வாய் திறக்காமல் இருப்பதற்கு இந்தப் பயம் ஒரு முக்கியக் காரணம். சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநல மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து இருக்கிறது என்று மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைப்பதும் அதே சட்டம் தரும் உரிமை. பெங்களூரு நிம்ஹான்ஸில் அம்மாவையும் குழந்தையையும் ஒன்றாகவே அனுமதித்துப் பார்க்கும் தனி வார்டு 2009-லிருந்து இயங்குகிறது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

'பச்சை உடம்பு' என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. அழகான சொல். காற்றுப் படாமல், குளிர்ந்தது கொடுக்காமல், பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் லேகியமும் கொடுத்து அந்த உடம்பைத் தேற்றத் தெரிந்த சமூகம் இது. அந்த அக்கறையில் ஒரு பங்கு மனசுக்கும் போனால் போதும்.

முதல் மருந்து தூக்கம். ராத்திரியில் நாலைந்து மணி நேரமாவது இடைவெளி இல்லாமல் அவர் தூங்க வேண்டும். ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி ஃப்ரிட்ஜில் எடுத்துவைத்தால் கணவரோ பாட்டியோ பாலாடையில் புகட்டிவிடலாம். பகலில் வருகிற சொந்தக்காரர் கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். "நாங்கல்லாம் பத்துப் புள்ள பெத்தோம், இப்படியா இருந்தோம்?" என்பதை மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். அந்தக் காலத்திலும் இது இருந்தது. 'காத்துக் கருப்பு', 'திமிரு' என்று வேறு பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி சின்னதுதான். "நீ எப்படி இருக்க? குழந்தையைப் பத்திக் கேக்கல, உன்னைப் பத்திக் கேக்கறேன்." பதில் வர நேரமாகும், காத்திருங்கள். உடனே யோசனை சொல்லாதீர்கள். டாக்டரிடம் போகும் நாளில் நீங்களே லீவு போட்டுக் கூட்டிப்போங்கள். குழந்தை பிறந்த பிறகு அப்பாக்களுக்கும் மனச்சோர்வு வருவதுண்டு. அது கோபமாகவோ குடியாகவோ வெளிப்பட்டால் அவருக்கும் இதே உதவி எண்கள்தான்.

ஒரு முறை இந்தப் பாதிப்பு வந்த பெண்ணுக்கு அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்பு அதிகம். அதனால் இரண்டாவது குழந்தை வேண்டாம் என்று அர்த்தமில்லை. கர்ப்பம் உறுதியானதும், முதல் செக்கப்பிலேயே சர்க்கரை, பிரஷர் பற்றிச் சொல்வது போல இதையும் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே மனநல மருந்து சாப்பிடுபவர் என்றால் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேச வேண்டும்.

உதவி எண்கள்: டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி மையம் 104, சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050, அவசர ஆம்புலன்ஸ் 108.